பேனரில் இருந்த பெண்

என் தங்கை மகளைப் பட்டினி போட்டவன் நான். அவள் வீட்டில் அரிசி இல்லாமலில்லை, மீன் இல்லாமலில்லை. தட்டில் சோறு இருக்கும்போதே பதின்மூன்று வயதுக் குழந்தை ஒருத்தி அதைத் தொடாமல் எழுந்துபோகும்படி செய்தேன். கையால் செய்யவில்லை. கடலூரில் ஒரு பிளெக்ஸ் கடையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயால் செய்தேன்.

நம் ஓய்வூதியர் சங்க மலருக்கு ஆளுக்கொரு பால்ய நினைவு எழுதித் தரச் சொன்னீர்கள். என் பால்யத்தில் நீங்கள் அறியாதது ஒன்றுமில்லை. அதனால் நான் கெடுத்த ஒரு பால்யத்தை எழுதுகிறேன். ஒரு வைகாசியில் தொடங்கி அடுத்த சித்திரையில் முடிந்தது அது. தொடங்கியது தானே புயல் அடிப்பதற்கு இரண்டரை வருடம் முன்பு.

நம் சிறுவயதில் சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். கல்யாணத்தில் தொந்தி வைத்த ஒருவர் வந்தால் வசதியான ஆள் என்று நகர்ந்து இடம் கொடுப்போம். ஒல்லி என்றால் நமக்கு ஒரே அர்த்தம்தான், வீட்டில் இல்லை என்பது. சோறு இருக்கிற வீட்டில் ஒரு குழந்தை வற்றிப்போக முடியும் என்று எனக்குத் தோன்றாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சாக்காகச் சொல்லவில்லை. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவனுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

என் தங்கை கடலூர் முதுநகரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. அவர்களுக்கு ஒரே மகள். நான் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போகும்போதெல்லாம் அவள்தான் கதவைத் திறப்பாள். கொழுகொழுவென்று இருப்பாள். விரல் மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் குழி விழுந்திருக்கும். பலாப்பழக் காலத்தில் அண்ணாகிராமம் பக்கமிருந்து அவள் அப்பா பழம் கொண்டுவந்து வெட்டினால், முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு முதல் ஆளாக உட்காருவாள். சிரித்தால் கண் காணாமல் போகும். இதையெல்லாம் நான் அடுக்கிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அவள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் நான். சீர்த்தட்டுகளோடு பேனரும் தாய்மாமன் கடமையில் சேர்ந்துவிட்ட காலம் அது. காதுகுத்தோ கருமாதியோ, எதுவானாலும் தெருமுனையில் பிளெக்ஸ் நின்றது. அதற்கு முந்தின மாதம்தான் என் மனைவியின் அண்ணன் மகளுக்கு விருத்தாசலத்தில் விழா நடந்தது. இருபதடி பேனர். அந்தப் பெண் மெலிந்த உடம்புக்காரி. பேனரில் சினிமா போஸ்டர் மாதிரி நின்றாள். வீடு திரும்பும்போது என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஒங்க தங்கச்சி மவளுக்கு இருபதடி பத்தாதுங்க. அகலத்துல ரெண்டு அடி சேத்துச் சொல்லுங்க." நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு மனதில் தங்கிவிட்டது. மனைவி வீட்டார் முன்னால் என் தங்கை மகள் குறைந்துபோகக் கூடாது என்று நினைத்தேன்.

ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்தைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு பிளெக்ஸ் கடைக்குப் போனேன். டிசைன் செய்கிறவர் நடுத்தர வயதுப் பெண். படத்தைத் திறந்து பெரிதாக்கினார்.

"பாப்பா கொஞ்சம் பூசுனாப்ல இருக்குது சார். கன்னத்த உள்ள தள்ளிடட்டா? எல்லாருமே பண்றாங்க."

"பண்ணலாமாம்மா?"

"ஒரு நிமிஷ வேல சார்."

திரையில் அவள் கன்னம் பிசைந்த மாவைப்போல உள்ளே போனது. எனக்கு வியப்பாக இருந்தது. அப்புறம் அது பிடித்துப்போனது. "இன்னும் கொஞ்சம்," என்றேன். கை சுருங்கியது. "இன்னும் கொஞ்சம்." இடுப்பு சுருங்கியது. மூன்றாவது முறையும் சொன்னேன். அந்த அம்மாள்தான் நிறுத்தினார்.

"இதுக்கு மேல போனா பாப்பா மாரியே தெரியாது சார்."

"பரவால்ல. அழகா இருக்கு இல்ல?"

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். திருத்திய படம் பழைய படத்தின் மேலேயே பதிந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

விழா மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில். வாசலில் பேனரைக் கட்டியிருந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய என் தங்கை மகள் அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தை நான் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்தது என் மைத்துனர் முகத்தை. அவர் "ஜோரா இருக்கு மச்சான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேனரில் 'பூப்புனித நீராட்டு விழா' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூங்கில் மாதிரி ஒரு பெண் நின்றாள். வளையல் போட்ட கை நீண்டு ஒடுங்கி இருந்தது. தலைமுடியும் பாவாடையும் மட்டும் எங்கள் குழந்தையுடையவை.

பந்தியில் பேச்சு ஆரம்பித்தது. அவள் அப்பாவின் அக்கா, அவளுக்கு அத்தை, சத்தமாகப் பேசுகிறவர்.

"வாசல்ல நிக்கிறது ஒரு பொண்ணு, சேர்ல குந்தியிருக்கறது ஒரு பொண்ணு. எதுக்குடி தண்ணி ஊத்துறது?"

"ரெண்டுத்துக்கும் சேத்து ஊத்துங்க," என்றார் இன்னொருவர். "சேர்ல இருக்கறதுக்கு ஒரு கொடம் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தது. கெட்ட மனசோடு யாரும் சொல்லவில்லை. நீங்களும் சிலர் அன்று அந்தப் பந்தியில் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். அவள் இலையில் வைத்த பால்பாயசம் அப்படியே இருந்ததைப் பந்தி முடிந்து இலை எடுக்கும்போது பார்த்தேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா முடிந்தால் பேனரை யாரும் தூக்கிப் போடுவதில்லை. நல்ல கனமான பிளெக்ஸ், மழை தாங்கும். மைத்துனர் அதைக் கொண்டுபோய் மாடியில் விறகு அடுக்கிய இடத்தைச் சுற்றித் தடுப்பாகக் கட்டினார். அந்தப் பெண் உருவம் துணி காயப்போடும் கொடிக்கு நேராக நின்றது. என் தங்கை மகள் தினமும் துணி எடுக்க மாடிக்குப் போவாள். போனால் வெகு நேரம் வரமாட்டாள். ஒருநாள் தேடிப்போன என் தங்கை, மகள் பேனரை ஒட்டி நின்று, பேனரில் இருந்த கையின் மேல் தன் கையை வைத்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். "பைத்தியம், கீழ வா" என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டாள். இதை எனக்கு அவள் சொன்னது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

ஆடி மாதம் நான் போனபோது கன்னம் வடிந்திருந்தது. அப்போது நான் சொன்ன வார்த்தையைக் கடையில் சொன்னதைவிடப் பெரிய குற்றமாக இன்று நினைக்கிறேன். அவளை நிற்க வைத்துப் பார்த்து, "இப்பதான் பேனர்ல இருக்கறாப்ல இருக்க" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. விழாவுக்குப் பிறகு அவள் மலர்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு எல்லோரும் பாராட்டினார்கள். அத்தை, பக்கத்து வீட்டார், பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். நவராத்திரிக்கு வந்தவர்கள் "என்னா சாப்டாம இருந்தியா, என் பொண்ணுக்கும் சொல்லிக் குடு" என்று கேட்டார்கள். தட்டு போட்டால் பள்ளியில் சாப்பிட்டேன் என்பாள். பள்ளியில் வீட்டில் சாப்பிட்டேன் என்பாள். டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பி வரும், எதிர் வீட்டு ஆடு கொழுத்தது.

கார்த்திகையில் அவள் போர்வைக்குள் இருந்தாள். மழைக்காலம், சரி என்றோம். மாசி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. சீப்பில் கொத்தாக முடி வந்தது. கையில் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் முளைத்தது. மரப்பலகையில் உட்கார முடியாமல் தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நகம் நீலமாக இருந்தது. பூச்சி இருக்கும் என்று பூச்சி மருந்து கொடுத்தார்கள். கண் பட்டிருக்கும் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அந்தக் கயிறு மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைக்கு ஏறியது. படிப்புச் சுமை என்று நான் சொன்னேன். வகுப்பில் அவள் முதல் மாணவி ஆகியிருந்தாள். உணவுக் கட்டுப்பாடும் படிப்பும் சேர்ந்த பிள்ளை என்று நம் ஆசிரியர் அறையில் பெருமையாகப் பேசினேன். அதுவும் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

என் தங்கைக்கு மட்டும் இன்னொன்று தெரிந்திருந்தது. ஊரைக் கூட்டி, பேனர் கட்டி நாங்கள் கொண்டாடிய அந்த விஷயம் ஐப்பசியோடு நின்றுபோயிருந்தது. வந்ததைச் சொல்ல இருபதடி பேனர் வைத்த குடும்பத்தில் நின்றதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வெளியே தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்று ஆறு மாதம் அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் இரண்டு குடும்பமும் பிச்சாவரம் போனோம். காற்று பட்டால் குழந்தைக்குப் பசி எடுக்கும் என்பது என் யோசனை. படகு சுரபுன்னைக் காட்டுக்குள் போய்த் திரும்பும் வரை அவள் ஸ்வெட்டருக்குள் கைகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் வியர்வையில் நனைந்திருந்தோம். கரைக்கு வந்ததும் நான் முதலில் இறங்கி அவளுக்குக் கை நீட்டினேன். அவள் எழுந்தாள், கண் சொருகியது, என் கையைத் தவறவிட்டுப் பலகையில் சரிந்தாள். ஒரு முழ உயரம்கூட இருக்காது. நம் பிள்ளைகள் தினம் அதைவிட உயரத்திலிருந்து குதித்தார்கள். ஆனால் சுள்ளி ஒடிகிற ஒரு சத்தம் கேட்டது. அவள் மணிக்கட்டு ஒடிந்திருந்தது. படகுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வேனில் படுக்க வைத்தார். என்னைத் தனியாக அழைத்து, "என்னா சார், புள்ள காத்து மாரி இருக்குது. வூட்ல சோறு போடறதில்லியா?" என்று கேட்டார். ஒரு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர்.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கைக்குக் கட்டுப் போட வந்தவர்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த பெண் மருத்துவர் எங்கள் மூவரையும் நிற்க வைத்துப் பேசினார். உடம்புக்குச் சாப்பாடு வராதபோது அது தன்னையே தின்னும். முதலில் கொழுப்பு, பிறகு தசை. இதயமும் தசைதான். உயிரைக் காப்பாற்ற, அவசரமில்லாத வேலையை எல்லாம் உடம்பு நிறுத்தும். மாதவிலக்கு நிற்கும், முடி கொட்டும், எலும்பில் சேர வேண்டியது சேராது. இந்த வயதில் எலும்பு சேர்க்காததைப் பிறகு முழுதாகச் சேர்க்க முடியாது.

"நாடி ரொம்ப மெதுவா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தூக்கத்துலயே போயிருப்பா," என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் நான் கரும்பலகையில் எழுதியதுதான். பட்டினியில் உடல் எந்த வரிசையில் தன்னைச் செலவழிக்கும் என்று கேள்வி கேட்டு மார்க் போட்டவன் நான்.

அன்றே பரிகாரம் செய்யப் பார்த்தேன். மறுநாள் மதியம் பெரிய கேரியரில் பிரியாணியும் வறுவலும் வாங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலில் நர்ஸ் கேரியரைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்தார். "கொன்னுடாதீங்க சார். இத்தன நாள் காஞ்ச ஒடம்பு, ஒரேயடியா போட்டா ஹார்ட்டு தாங்காது." சோறு கொடுப்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கேரியரை வெளியே மரத்தடியில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவளுக்குக் கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஏற்றினார்கள். மூன்று வாரம் ஆனது. அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த ஒரு நாள் பகலில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, பிளெக்ஸ் கடையில் நடந்ததைச் சொன்னேன். அந்தப் படம் அவளுடையது இல்லை, நான்தான் மாற்றச் சொன்னேன், மூன்று முறை சொன்னேன், அதைப் பார்த்து அவள் ஏமாந்துவிட்டாள் என்று சொன்னேன்.

அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா."

"என்னா தெரியும்?"

"அது என் கை இல்லன்னு வேன்ல எறங்குனப்பவே தெரியும். என் கை எனக்குத் தெரியாதா? நீங்க மாத்தச் சொல்லியிருக்கீங்கன்னும் தெரியும். எதுக்கு மாத்துனாருன்னுதான் யோசிச்சேன். நான் இருக்கறது மாமாவுக்குப் பிடிக்கல போலன்னு நெனச்சேன்."

நான் ஏமாற்றியதாக நினைத்திருந்தேன். அவள் ஏமாறவே இல்லை. மாமா கேட்டதைத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவள் எடையைப் பற்றியும் தட்டைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தேறி வருகிறாள் என்றுகூடச் சொல்லக் கூடாது. அதன் பிறகு ஞாயிறுதோறும் கடலூர் போனேன். என்னால் முடிந்த பரிகாரம் அவ்வளவுதான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடுவேன். பேச்சு கிரிக்கெட்டைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி. சில ஞாயிறு அவள் சாப்பிடுவாள். சில ஞாயிறு சோற்றைத் தட்டின் ஓரமாகப் பரப்பிவிட்டு எழுந்துபோவாள், என் தங்கை அடுப்படியில் அழுவாள். நம் ஊரில் விருந்தாளிக்கு "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லாமல் யாரும் சோறு போடுவதில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தை நின்றுபோனது.

பேனரைக் கழற்றி எரிக்கப் போனேன். "வெறகு நனைஞ்சிரும் மாமா, விடுங்க," என்றாள். அவள் அப்பா அதை உட்புறமாகத் திருப்பிக் கட்டினார். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் தங்கை போன் செய்தாள். வகுப்பு நேரம், வராந்தாவில் நின்று எடுத்தேன். "அண்ணா, வந்துருச்சி," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லவில்லை, எதுவும் வாங்கிப் போகவில்லை. வகுப்புக்குள் போய்ப் பாடத்தைத் தொடர முடியாமல் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

அந்த வருட மார்கழியிலேயே தானே புயல் வந்தது. அது நம் ஊரை என்ன செய்தது என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. பஸ் ஓட ஆரம்பித்ததும் போய்ப் பார்த்தேன். கரண்ட் இல்லை. மாடியில் விறகும் இல்லை, பேனரும் இல்லை. மூன்று தெரு தள்ளி ஒடிந்து கிடந்த முருங்கை மரத்தில் ஒரு துண்டு சிக்கியிருந்ததை அவளே எடுத்து வந்திருந்தாள். வளையல் போட்ட அந்தக் கை மட்டும். தரையில் விரித்து, பக்கத்தில் தன் கையை வைத்தாள். அவள் கை இப்போது அதைவிடப் பெரியது. ஒடிந்த மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"மாமா, மாத்துறதுக்கு முன்னால எடுத்த படம் எங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு வருடம் முன்பே நான் பதில் தேடி அலைந்திருந்தேன். ஸ்டூடியோக்காரர் கார்டை அழித்துவிட்டார். பிளெக்ஸ் கடை அம்மாளிடம் இருந்தது திருத்திய படம் மட்டும். பென் டிரைவிலும் அதுதான். விழா ஆல்பத்தில் இருந்த தன் படங்களை அவளே அந்த வருடம் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்திருந்தாள். வீடியோ சி.டி.யை உடைத்திருந்தாள். பீரோவில் இருந்த அவள் குழந்தைப் படங்கள் புயல் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்திருந்தன.

"இல்லம்மா. எங்கயும் இல்ல."

"அதுல நான் எப்படி இருந்தேன்?"

"நல்லா இருந்த. அழகா இருந்த."

அவள் துண்டைச் சுருட்டினாள். கோபம் இல்லை.

"நீங்க சொன்னா நம்ப முடியல மாமா. படம் இருந்தா நம்பலாம்."

அவள் இப்போது புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள். எலும்புக்கு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாள். போட்டோ எடுக்கும் இடத்தில் நிற்க மாட்டாள். என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள், ஆனால் நான் அவளைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தை எதையும் காதில் வாங்குவதில்லை. எனக்கும் ஒரு தண்டனை கிடைத்திருக்கிறது. கண்ணை மூடி அந்தப் பதின்மூன்று வயது முகத்தை நினைத்தால் பேனரில் இருந்த பெண்தான் வருகிறாள். அதனால்தான் விரல் குழியையும் பலாப்பழத்தையும் ஆரம்பத்தில் அடுக்கி எழுதினேன். மறந்துவிடுவேனோ என்ற பயம்.

உங்களில் பலர் அன்று அந்த மண்டபத்துக்கு வந்திருந்தீர்கள். இரண்டு பேர் கையில் கேமரா இருந்தது. பீரோவில், பழைய ஆல்பத்தில், பேரன் பேத்தி ஒதுக்கிப்போட்ட சி.டி.யில் தேடிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால், ஏதாவது ஒரு மூலையில், மஞ்சள் பட்டுப் பாவாடையில் கன்னம் கொழுத்த ஒரு குழந்தை கண் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தால் அதை எனக்கு அனுப்புங்கள். மங்கியிருந்தாலும் பரவாயில்லை, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எதையும் சரிசெய்யாமல் அப்படியே அனுப்புங்கள்.